நாலு காலும் நாலு உயரம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை கிடக்கிறது. அதற்கு நாலு காலும் நாலு உயரம். வருகிறவர்கள் அதன்மேல் கையை ஊன்றினால் ஒரு பக்கம் சாயும், கையை எடுத்தால் டக்கென்று மறுபக்கம் திரும்பும். தம்ளரை வைத்தவர்கள் பதறிப்போய்ப் பிடிப்பார்கள். பிடித்துவிட்டு, "யாருங்க இதைச் செஞ்சது? கண்ணை மூடிக்கிட்டு செஞ்சாரா?" என்று ஒரு சிரிப்பு வேறு. செய்தவர் பெரும்பாலும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

செய்தவர் என் வீட்டுக்காரர். தச்சர் இல்லை, கண்ணாடி அறுக்கிறவர். இவரைப் போல மட்டம் பார்த்து, ஆடாமல் அசையாமல் ஒரு மேஜை போட்டவர் எங்கள் தெருவிலும் இல்லை, அடுத்த தெருவிலும் இல்லை. நாலு கால் நாலு உயரமாக இருப்பது தப்பினால் இல்லை. ஒவ்வொரு காலையும் அந்த உயரத்துக்கு அளந்து, குறித்து, வேண்டுமென்றே அறுத்தார். எதற்கு அறுத்தார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணனுக்குக் கடைவீதிக் கோடியில் கண்ணாடிக் கடை. இவர் அங்கே வேலைக்கு வந்தபோது மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. அண்ணனுக்கு இவரைப் பிடித்துப்போனது. கை சுத்தம், வாய் கிடையாது. இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. "கையில தொழில் இருக்கு, எதிர்த்துப் பேசத் தெரியாது, உனக்கு வேற என்ன வேணும்?" என்று சொல்லித்தான் அண்ணன் என்னை இவருக்குக் கட்டி வைத்தார். அதுவரை "டேய்" என்று கூப்பிட்டவர் மறுநாளிலிருந்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். மாறினது அது ஒன்றுதான். கடையைத் திறப்பதும் இவர், பூட்டுவதும் இவர், சாவி மட்டும் அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கும். காலையில் போய் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் போய் மாட்டிவிட்டு வரவேண்டும்.

கண்ணாடி அறுப்பது என்று சொல்கிறோமே தவிர, அதை யாரும் அறுப்பதில்லை. கீறுவதுதான். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பு. நடுவில் நிற்கக் கூடாது, விட்ட இடத்தில் மறுபடி இழுக்கக் கூடாது. பிறகு அடியில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு அழுத்து, கீறின வழியே பிளந்துகொண்டு வரும். இழுக்கிற அந்த நேரம் மேஜை ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. கீறல் ஒரு பக்கம் போகும், கண்ணாடி இன்னொரு பக்கம் உடையும்.

அண்ணன் கடையில் இருந்தது மேஜையே இல்லை. யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு கதவு. அதைப் படுக்கப் போட்டு, அடியில் கால்மாதிரி நாலு கட்டையை அடித்து வைத்திருந்தார். அது ஆடாத நாளே கிடையாது. ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகுவார் இவர். ரெண்டு நாளில் அட்டை நசுங்கும், மறுபடி ஆடும், மறுபடி சொருகுவார். கண்ணாடி உடைகிற போதெல்லாம் அண்ணன் கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார். வாடிக்கையாளர் நிற்கிறாரே என்றெல்லாம் பார்ப்பதில்லை.

"கண்ணாடி என்ன மரத்துலயா காய்க்குது மாப்பிள்ளை?"

இவர் குனிந்து அட்டையைச் சரி செய்வார். இவர் கையில் இருக்கிற தழும்பில் பாதி அந்தக் கதவு போட்டது.

நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "ஒரு நல்ல மேஜை போடச் சொல்லி அண்ணன்கிட்ட கேட்டா என்ன? முத்தா உதிர்ந்துடும் வாயிலேருந்து?" கடைசியில் கண்ணாடி உடைந்து உடைந்து அண்ணனுக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நானும் அண்ணியும் பரிமாறிக்கொண்டிருந்தோம். அண்ணன் திடீரென்று தாராளமாகிவிட்டார்.

"மாப்பிள்ளை, கடைக்குப் பின்னாடி அந்த ரூம் சும்மாதானே கிடக்கு? எடுத்துக்கோங்க. இனிமே அது உங்களோடது. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு மேஜை போட்டுக்கோங்க. பின்வாசல் வழியா உங்களுக்குன்னு வர்ற சின்னச் சின்ன வேலையும் நீங்களே பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்."

இவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் இடத்தில், அடுத்தவர் மேஜையில், அடுத்தவர் குரலுக்குக் குனிந்து வேலை செய்த மனுஷன். தனக்கென்று ஒரு கதவு, தனக்கென்று ஒரு மேஜை, தன்னைத் தேடி வருகிற நாலு பேர். இவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதுகூடக் கிடையாது. எனக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "உங்களோடதுன்னு சொன்னாரே, அது எப்படி? ரூமே உங்களுக்கா, இல்ல வேலை செய்ய மட்டுமா? நாளைக்கே போய்த் தெளிவா கேட்டுடுங்க."

"உன் அண்ணன்தானே?"

"என் அண்ணன்ங்கறதாலதான் சொல்றேன். எனக்குத் தெரியாதா அவரை?"

"நல்ல வார்த்தை சொன்ன மனுஷன்கிட்ட போய், நிஜமாத்தான் சொன்னீங்களான்னு கேட்கறதா?" என்றார். அதோடு விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். இவருக்கு ஒருவரிடம் விளக்கம் கேட்பதே அவரை அவமானப்படுத்துகிற மாதிரி. நல்ல பண்புதான். ஆனால் அந்தப் பண்பை வைத்து ஊரே இவர் தலையில் மிளகாய் அரைத்தது.

பின்னறை ஒரு காலத்தில் துணி துவைக்கிற இடமாக இருந்ததாம். ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு, மூலையில் தண்ணீர் போக ஒரு துவாரம். தரை நாலு பக்கமிருந்தும் அந்த மூலையைப் பார்த்துச் சரியும். துவாரத்துக்குப் பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். இவர் முதலில் தரையைச் சிமெண்ட் போட்டு மட்டம் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"தரையில மட்டும் கை வைக்காதீங்க மாப்பிள்ளை. மழைத்தண்ணி அந்த வழியாத்தான் போகணும். கடைக்குள்ள வந்துடும்."

சரி, தரையைத் தொடக்கூடாது. அப்படியென்றால் தரைக்குத் தகுந்த மேஜைதான் போடவேண்டும். இவர் அதையும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

எங்கோ ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அங்கே கிடந்த கதவு நிலைகளைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்தார். கண்ணாடி வருகிற மரப்பெட்டிகளின் சட்டங்களையும் சேர்த்து வைத்தார். கையில் இருந்த சாமான் ஒரு ரம்பம், ஒரு உளி, சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம், கொஞ்சம் நூல்கயிறு. அவ்வளவுதான். கடை வேலை முடிந்த பிறகும், கடை மூடுகிற நாட்களிலும் செய்தார். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

ஒவ்வொரு சட்டத்தையும் தோளுயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து பார்ப்பார். வளைந்தது தனி, நேரானது தனி. நேரானவற்றில் தடித்த நாலு கால். காலும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடத்தில் வெறும் ஆணி அடிக்கவில்லை. இரண்டிலும் பாதிப் பாதி பள்ளம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரவைத்து, போல்ட் போட்டு முறுக்கினார். பள்ளம் வெட்டும்போது உளியை ஓங்கி அடிக்கவே இல்லை. கோட்டுக்கு உள்பக்கமாகவே சுரண்டிக்கொண்டு வந்து, கடைசியில் கையால் அழுத்தித்தான் உட்கார வைத்தார். சட்டம் கூடியதும், மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தார். இந்த மூலைக்கயிறும் அந்த மூலைக்கயிறும் ஒரே நீளம் வந்தால்தான் கோணல் இல்லை என்று அர்த்தமாம். வரவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மூலையை மெல்லத் தட்டி, மறுபடி பிடித்தார். வந்தது. பிறகு காலுக்குக் கால் சாய்வாக ஒரு சட்டம் கொடுத்து இறுக்கினார். "இது இல்லேன்னா எவ்வளவு தடி மரம் போட்டாலும் ஆடும்" என்றார்.

மேலே இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டித் திருகு போட்டார். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலை செய்தார். ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகளை இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக நிறுத்தி, குந்தி உட்கார்ந்து, இந்தக் குச்சியின் தலைவழியே அந்தக் குச்சியின் தலையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இவருக்கு அப்படித் தெரியவில்லை. அரை நாள் இழைத்தார்.

கடைசியில் கால்கள். கொத்தனார்கள் வைத்திருப்பது போல நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, நாலு மூலைக்கும் பிடித்துப் பார்த்தார். தரை எங்கே எவ்வளவு தாழ்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காலுக்கு அடியில் மரத்துண்டுகளைத் தற்காலிகமாகச் சொருகி, நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறவரைக்கும் தூக்கி இறக்கினார்.

"தண்ணி உள்ளதைச் சொல்லிடும். யாருக்கும் பயப்படாது" என்றார்.

"தண்ணிக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இருந்திருந்தா நம்ம கதை எப்பவோ மாறியிருக்கும்" என்றேன். சிரித்தார்.

மேஜை மட்டத்துக்கு வந்தபின் ஒரு சின்னக் கட்டையைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேல் பென்சிலைப் படியவைத்து, ஒவ்வொரு காலைச் சுற்றியும் இழுத்தார். தரை எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே காலில் கோடு விழுந்தது. அந்தக் கோட்டில் அறுத்தார். துவாரத்துப் பக்கத்துக் கால் எல்லாவற்றையும்விட நீளமாக நின்றது, அதன் அடிப்பாகம் பள்ளத்துக்குத் தகுந்தமாதிரி சரிவாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாக் காலையும் ஒரே அளவா வெச்சுட்டு, தாழ்ந்த இடத்துல ஒரு கட்டையைக் குடுத்தா ஆகாதா? நாளைக்கே இடம் மாத்தினா என்ன பண்ணுவீங்க?"

"எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இவ்வளவு நாள் அட்டை சொருகினது போதாதா? என் மேஜைக்கு அடியில ஒரு சில்லு இருக்கக் கூடாது."

அண்ணன் அப்போது வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என்ன ஏது என்று விசாரித்தார். எந்தக் கால் ஏன் நீளம் என்று இவர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். அண்ணன் குனிந்து, பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்த காலை விரலால் தடவிக்கூடப் பார்த்தார். "கில்லாடிதான் மாப்பிள்ளை நீங்க" என்றார். இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போனதும் இவர் என்னைப் பார்த்து, "ஏறி நில்லு" என்றார்.

"எதுல?"

"மேஜைலதான். ஏறு."

பட்டப்பகலில், பின்வாசல் திறந்திருக்க, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். இவர் மேஜையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார், இந்தப் பக்கம் தள்ளினார். தோளைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. "குதி" என்றார். குதித்தேன். தரையில் குதித்த மாதிரி இருந்தது. எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. இவருக்கும் வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மேஜைமேல் ஒரு கம்பளியை இழுத்துக் கட்டி வேலையை ஆரம்பித்தார். கண்ணாடி உடைவது நின்றுபோனது. ஆள் உயரக் கண்ணாடியைக் கூட ஒரே கீறலில் பிளந்தார். அண்ணன் அதுவரை தொடாத பெரிய பெரிய வேலைகளையெல்லாம் ஒத்துக்கொண்டார். வருகிறவர்களைப் பின்னறைவரை கூட்டிக்கொண்டு வந்து, மேஜையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். "எங்க மாப்பிள்ளை போட்டது. தரைக்கு ஏத்த கால். ஒரு அட்டை கிடையாது, பாருங்க." இவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். பின்வாசலில் இவரைத் தேடியும் ஆட்கள் வந்தார்கள். உடைந்த முகக்கண்ணாடியை மாற்ற வருகிறவர்கள், படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள். "உள்ளே வாங்க" என்பார் இவர். வேறு எந்த இடத்திலும் இவர் யாரையும் உள்ளே வாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில்கூட அதை நான்தான் சொல்வேன்.

அடுத்தவர் கொஞ்சம் நிமிர்ந்தால் சிலருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அண்ணிக்கு வேர்த்தது. "இப்பெல்லாம் கடையே பின்வாசல்லதான் நடக்குது போல" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அந்தச் சிரிப்பை அப்போதே இவரிடம் சொன்னேன். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணிக்கு ஒரு தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவன். அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற தொழில் தொடங்கப்போகிறான் என்றார்கள். அதற்கு இடம் வேண்டும். அண்ணன் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொம்பப் பிரியமாகத்தான் பேசினாராம்.

"ரூம் மட்டும்தான் மாப்பிள்ளை வேணும். மேஜை உங்க சொத்து, தாராளமா எடுத்துக்கோங்க. அடுத்தவன் பொருளுக்கு நான் ஆசைப்படுவேனா? முன்னாடி கிடக்கிற அந்தக் கதவு மேஜையை எடுத்துட்டு, அந்த இடத்துல போட்டுக்கோங்க. பழைய மாதிரி கண்ணெதிர்ல இருப்பீங்க."

இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? "சரி மச்சான்."

நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். இவரைப் பிடித்து உலுக்காத குறை. இவர் கட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பொறுக்கமுடியாமல் நானே கிளம்பி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"இனிமே அது உங்களோடதுன்னு உங்க வாயால சொன்னீங்களா இல்லையா?"

அண்ணன் கோபப்படவே இல்லை. அதுதான் அவரிடம் இருக்கிற சாமர்த்தியம். "ஆமா சொன்னேன். உங்களோட இடம் மாதிரி நெனச்சு வேலை செய்யுங்கன்னு சொன்னேன். அதுக்காக ரூமைப் பேர்ல எழுதியா குடுப்பாங்க? மாப்பிள்ளையே சரின்னுட்டார். உனக்கு என்ன வந்தது?"

"அவர் எதுக்குத்தான் சரின்னு சொல்லலை? அது தெரிஞ்சுதானே அவர்கிட்ட கேட்டீங்க?"

அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள், "சோறு போடற இடத்துல பேசின பேச்சையெல்லாம் முடிஞ்சு வெச்சுக்கிட்டு வருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா, வாயைத் திறக்காம பரிமாறியிருப்போம்."

நான் பிறந்த வீடு அது. தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன்.

மேஜையை முன்பக்கம் மாற்றுகிற அன்று நானும் போனேன். போல்ட்டைக் கழற்றி, மேல்பலகை தனி, சட்டம் தனியாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். இவர் முறுக்கி முடித்து நிமிர்ந்தார். முன்பக்கத் தரை வழவழவென்று மட்டமான தரை. மேஜை ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. அண்ணியின் தம்பி அதைத் தொட்டான். டக். மறுபக்கம் சாய்ந்தது. திரும்பத் தொட்டான். டக். அவனுக்கு அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது.

"என்ன மாமா இது? காலை எல்லாம் பார்த்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு. அளவு எடுக்கத் தெரியாத ஆளா போட்டது?"

கடையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். இவர் அண்ணனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். "டேய், அது அந்தத் தரைக்குப் போட்டதுடா" என்று ஒரு வார்த்தை. பள்ளத்தில் இறங்கின காலைத் தன் விரலால் தடவிப் பார்த்த மனுஷன், ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டின மனுஷன், அதைச் சொல்லியிருக்கலாம்.

அண்ணன் சிரித்தார். "இதுலயா மாப்பிள்ளை இவ்வளவு நாள் அறுத்தீங்க?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அண்ணன் கல்லாப் பக்கத்தில் கிடந்த ஒரு அட்டையை எடுத்து, மடித்து, "இந்தாங்க, இதைச் சொருகுங்க, சரியாப் போயிடும்" என்று நீட்டினார். இவர் கையை நீட்டவில்லை. உட்கார்ந்து, இப்போதுதான் முறுக்கின போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு வண்டியைக் கூப்பிட்டு மேஜையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வரப் போனார். அதோடு சரி, மறுநாள் வாங்கப் போகவில்லை.

இவர் செய்த ஒரே எதிர்ப்பு அது. அதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "மாப்பிள்ளைக்குக் கோபம் வரும்னு தெரியாம போச்சே" என்று அண்ணன் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

இப்போது இவர் வேறொருவர் கடையில் வேலை செய்கிறார். அங்கேயும் ஒரு ஆடுகிற மேஜைதான். அட்டை சொருகுகிறார். இந்த மேஜை எங்கள் முன்னறையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நான் இதன்மேல் துணி மடிக்கிறேன், காய் நறுக்குகிறேன். கத்தியை அழுத்தினால் டக், எடுத்தால் டக். நாள் முழுக்க இந்தச் சத்தத்தோடுதான் என் வாழ்க்கை.

"காலை அறுத்துச் சமமாக்குங்க. உங்களுக்கு அது ஒரு வேலையா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. வைராக்கியம் என்று நினைத்தேன். போயும் போயும் கட்டையிடம் காட்டுகிறாரே, காட்டவேண்டிய இடத்தில் காட்டவில்லையே என்று வயிறெரிந்தேன். போன மழைக்காலத்தில் வந்தவர் ஒருவர் சட்டையெல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு போன பிறகு, நானே ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இவர் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததே இல்லை.

"அறுத்துட்டா அப்புறம் அங்க நிக்காதும்மா."

"எங்க?"

"அங்கதான். அவன் எந்தத் தொழில்லயும் நிலைக்கமாட்டான். உன் அண்ணனும் மனசறிஞ்சு செஞ்சிருக்கமாட்டார். ரூம் காலியானா கூப்பிடுவார். அப்போ கால் கட்டையா இருந்தா என்ன பண்றது?"

இத்தனை நாளும் இவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ரம்பத்தை எடுத்த இடத்தில் வைத்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பார்க்காமல் இருக்கமுடியாது, போய்ப் பார்த்தேன். திரும்பும்போது கால் தானாகக் கடைப்பக்கம் போனது. அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "வா, வா, ரூம் எப்படி மாறிடுச்சு பாரு" என்று பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

மூலையில் துவாரம் இல்லை. பள்ளம் இல்லை. அறை முழுக்க வெள்ளை டைல்ஸ் பளபளவென்று கிடந்தது. மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? அண்ணியின் தம்பி பெருமையாக ஒரு ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினான்.

"பாருங்கக்கா. எந்த மூலையில வெச்சாலும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. நம்ம தொழில் சரியா இருக்கணும்னா முதல்ல தரை சரியா இருக்கணும்னு மாமாவே பக்கத்துல நின்னு போட்டுக் குடுத்தார்."

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் அண்ணன் என்மேல் கையை ஓங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்தபோது இவர் வேலை முடிந்து வந்து, அந்த மேஜையருகில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அது சாயாமல் இருக்க முழங்கையை ஒரு மூலையில் ஊன்றியிருந்தார். அண்ணிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைப்பக்கம் போனியா?"

"போனேன்."

"பின்ரூம் எப்படி இருக்கு? தரையில எதுவும் கை வைக்கலையே?"

"இல்ல" என்றேன். "அப்படியேதான் இருக்கு."